சுளகில் காய்வது முருங்கையிலை, உங்கள் சோறு இல்லை

வீட்டில் வளர்க்கிற துறவி நண்டுக்குத் தீனியாக முருங்கையிலையைச் சுளகில் காயவைத்து, முந்தநாள் அதைப் படம் பிடித்துப் போட்டேன். அந்தப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "சனம் கஞ்சிக்கு அலைந்த மண்ணில நண்டுக்கு விருந்து வைக்கினம்" என்று ஒரு அண்ணை எழுத, ஒரு பட்டாளமே வந்து சிரிப்புக் குறி போட்டுவிட்டுப் போனது. பேசாமல் இருப்போம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

விருந்தாம். வளவில் நிற்கும் முருங்கையில் ஒரு கொப்பு, அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கவில்லை, யாருடைய கோப்பையிலிருந்தும் எடுக்கவில்லை. வளர்க்கிற சீவனுக்குச் சாப்பாடு போடுவது ஆடம்பரம் இல்லை.

"பச்சையாவே போடலாமே, இதுக்கொரு படம் வேற" என்று ஒரு தங்கச்சி. போடலாம் தங்கச்சி, சோளகம் வீசுகிற இந்த நாட்களில் போடலாம். மாரி தொடங்கினால் முருங்கை முழுக்க மசுக்குட்டி ஏறிவிடும், கிட்டப் போனாலே உடம்பு சொறியும். அப்போது நண்டுக்கு விரதமா? அதோடு, சங்கைத் தூக்கித் திரியும் இந்த நண்டு கரையில் வாழ்ந்தாலும் செவுளால்தான் மூச்சு விடுகிறது. காற்றில் ஈரம் இல்லாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் பெட்டிக்குள் எந்த நேரமும் ஈரம் இருக்க வேண்டும். அந்த ஈரத்தில் பச்சை இலை வேகமாக அழுகிவிடும்.

ஆகவே காயவைக்கிறேன். இலையை உருவி, கிணற்றுத் தண்ணியில் அலசி, உதறி, விறாந்தை நிழலில் சுளகில் பரப்பி, இடைக்கிடை கையால் கிளறிவிட வேண்டும். முற்றத்து வெயிலில் போட்டால் நிறமும் போகும், சத்தும் போகும். பொத்திப் பிடித்து நசித்தால் சரசரவென்று தூளாக வேண்டும். காம்பு துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அப்படியே போத்தலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரவு லைட்டை அணைத்த பிறகு நண்டு மெல்ல வெளியே வந்து, சின்னக் கொடுக்கால் ஒரு துகளைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். விருந்து அதுதான்.

இன்னொருவர் வேப்பிலையைக் காயவைத்துப் போடச் சொல்கிறார், கிருமி சாகுமாம். என் பதிவை விட அந்தக் கொமென்டுக்கு லைக் கூட! ஐயா, வேம்பில் உள்ள அசாடிராக்டின், பூச்சிகள் தோல் கழற்றி வளர்வதைக் குழப்பித்தான் அவற்றைக் கொல்கிறது. நண்டும் மணலுக்குள் புதைந்து ஓடு கழற்றி வளர்கிற இனம். மருந்தடிக்கிற வயல் கரையில் நிற்கும் முருங்கையையும் நான் தொடுவதில்லை. பூச்சிக்கு அடிக்கிற மருந்து நண்டையும் கொல்லும்.

"கடற்கரையில விட வேண்டியதுதானே?" சரி, நியாயமான கேள்வி. தம்பி கொழும்பில் அலங்கார மீன் விற்கும் ஒரு கடையில் வாங்கி மகளுக்குக் கொண்டுவந்தது இது, சங்குக்கு ரோஸ் நிறப் பெயின்ட் வேறு. எந்தக் கரையில் பிடித்தது என்று யாருக்குத் தெரியும்? இவை பெட்டிக்குள் பெருகுவது அபூர்வம், கடைகளில் இருப்பவை அனேகமாகக் கரையில் பிடித்தவைதான். அதனால் இனி ஒன்று வாங்க மாட்டோம். ஆனால் இதைக் கேட்டவரின் விறாந்தையில் லவ்பேர்ட்ஸ் கூடு தொங்குகிறது. அதை எப்போது திறக்கிறார் என்று சொன்னால் நானும் யோசிக்கிறேன்.

கஞ்சிக் கதைக்கு வருகிறேன். மற்றதெல்லாம் பகிடி என்று விட்டுவிடலாம், இதை விட முடியவில்லை. 2009 இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் பாத்திரத்தோடு கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. அரிசியும் தண்ணியும் உப்பும். பிந்திப் போனால் அரிசியும் இராது. எனக்கு யாரும் பசியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். அந்த அண்ணை அப்போது எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை, வாய் வரைக்கும் வருகிறது. போன மாதம் அவர் வீட்டுச் சாமத்திய வீட்டுக்கு ட்ரோன் பறந்தது. நானும் போனேன், நல்ல சாப்பாடு. அந்தப் பந்தலுக்குள் யாருக்கும் கஞ்சி ஞாபகம் வரவில்லையே? மே மாதத்தில் நினைவேந்தலுக்குக் கஞ்சிப் படம் போடுங்கள், நானும் போடுவேன். மற்ற மாதங்களில் அதைத் தூக்கி அடுத்த வீட்டுக்காரிக்கு எறியாதீர்கள். அந்தக் கஞ்சி உங்களுடைய கல் இல்லை.

இலை காயவைப்பது தொடரும். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் கரையொதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடு கண்டால் பொறுக்கி வந்து தாருங்கள், நண்டுக்குக் கல்சியம் வேண்டும். அதையும் இடித்துப் படம் பிடித்துப் போடத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் அன்பிரெண்ட் பண்ணலாம், கோபிக்க மாட்டேன்.