வாய்க்கால் துப்புரவு வீண் வேலையா?

"வாய்க்காலில் நீரோட்டத்தைத் தீர்மானிப்பது சரிவு மட்டுமே; புல்லும் ஆற்றுவாழையும் ஒரு பொருட்டல்ல, சிரமதானம் வீண் வேலை." அம்பாறை, மட்டக்களப்பு விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் இது. இதில் பாதிதான் உண்மை.

சரிவு முக்கியம்தான். ஆனால் அடியும் கரையும் நீரை உராய்ந்து தடுக்கின்றன. அயர்லாந்துப் பொறியியலாளர் றொபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தில் இத்தடைக்கென்றே ஒரு குணகம் உண்டு. வழுவழுப்பான கொங்கிறீற்றுக்கு ஏறத்தாழ 0.013, துப்புரவான மண் வாய்க்காலுக்கு 0.025. புல் அடர்ந்தால் 0.05ஐயும் தாண்டும்.

2500 மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் மண் வாய்க்காலை எடுப்போம். நீர் நனைக்கும் சுற்றளவால் நீரின் குறுக்குவெட்டுப் பரப்பை வகுத்தால் 0.5 மீற்றர் வருகிறது என்க; இந்த அளவும் சூத்திரத்துக்குத் தேவை. துப்புரவாக இருந்தால் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். குணகம் 0.05 ஆனால் கால் மீற்றர்தான். இழந்த வேகத்தைச் சரிவால் மீட்க, சரிவை நான்கு மடங்காக்க வேண்டும். கல்லோயாச் சமவெளியில் அதற்கு எங்கே போவது? மதகில் அதே அளவு நீரைத் திறந்தாலும் மேல்பகுதியில் மட்டம் உயர்ந்து கரை வழியும். கடைமடை வயல் காத்துக் கிடக்கும்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1967இல் வெளியிட்ட ஆற்றுப் படத்தொகுப்பில், அளந்து கண்ட குணகங்கள் படத்துடன் உள்ளன. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வாய்க்காலைப் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளரிடம் கேளுங்கள். அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானை சிரமதானத்துக்கு அழைத்தால் மண்வெட்டியுடன் போங்கள்.