முதல் பந்தி நுண்ணுயிர்களுக்கே

"ரசாயன உரம் போட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அத்தனையும் செத்துவிடும்" என்று ஒருவர் எழுதுகிறார். "தழைச்சத்து எந்த வடிவில் வந்தாலும் தழைச்சத்துதான், மண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?" என்று இன்னொருவர் பதில் போடுகிறார். தழைச்சத்து என்பது நைட்ரஜன். இந்த வாக்குவாதத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது. இருவர் சொல்வதும் தவறு. இந்தக் கூச்சலில் உண்மையான சேதம் கவனிக்கப்படாமல் போகிறது.

முதலாமவருக்குச் சொல்கிறேன். உலகின் பல இடங்களில் நடந்த 64 நீண்டகால உரச் சோதனைகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. உரமே காணாத பயிர் நிலத்தைவிட, உரமிட்ட நிலத்தில் நுண்ணுயிர்களின் மொத்த அளவு சராசரியாக 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. பயிர் செழித்தால் வேரும் தாளும் மண்ணில் அதிகம் சேர்கின்றன. நுண்ணுயிர்களுக்கு அதுதான் இரை. ஆனால் பிஎச் அளவு (இது குறையக் குறைய மண்ணில் அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5-க்குக் கீழே இறங்கிய மண்ணில் கதை தலைகீழ். அங்கே உரம் நுண்ணுயிர்களைக் குறைத்திருந்தது.

மொத்தக் கணக்கு பெருகியதா குறைந்ததா என்பதோடு நின்றுவிட்டால் எதுவும் விளங்காது. யார் பெருகினார்கள், யார் ஒதுங்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

யூரியா மண்ணில் விழுந்த சில நாட்களிலேயே யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியமாக உடைத்துவிடுகிறது. பயிர் எழுந்து கை நீட்டுவதற்குள் அதில் பெரும்பங்கை வேறு சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றி, அந்த ஆற்றலில் உயிர்வாழும் நுண்ணுயிர்கள் அவர்கள். இந்த வேலையின் முதற்படியை பாக்டீரியாக்கள் மட்டுமே செய்கின்றன என்றுதான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம்பியிருந்தோம். 2005இல் ஆர்க்கியா என்ற வேறொரு உயிர்க்குலமும் இதைச் செய்வது தெரிந்தது. அடுத்த ஆண்டே, பல மண்வகைகளில் எண்ணிக்கையில் அவையே அதிகம் என்றும் தெரியவந்தது. அவற்றில் பல சிக்கனக்காரர்கள்; மட்கிலிருந்து துளித்துளியாகக் கசியும் அம்மோனியமே அவற்றுக்குப் போதும். பாக்டீரியாக்களோ அள்ளிக் கொட்டினால் பெருகுபவை. ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாக உரம் விழும் நிலத்தில் யார் கை ஓங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என்ன கேடு என்று கேட்கலாம். அம்மோனியம் நேர்மின்னேற்றம் கொண்டது. களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. ஒரு நல்ல மழை போதும், வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். உலக அளவில் பயிர் நிலத்துக்கு இடப்படும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதி பயிருக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

இன்னும் பெரிய கேடு அமிலம். ஒவ்வொரு அம்மோனியமும் நைட்ரேட்டாக மாறும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் மண்ணில் விடப்படுகின்றன. இரண்டாமவர் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் பார்க் கிராஸ் என்ற புல்வெளிச் சோதனை இருக்கிறது. அங்கே அம்மோனியம் சல்பேட் இட்டு, அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்பு இடாமல் விட்ட பாத்திகளில் பிஎச் 4-க்கும் கீழே சரிந்தது. செத்த புல்லை மட்கச் செய்ய ஆளில்லாமல் அது மண்ணின் மேல் பாயாகப் படிந்து கிடக்கிறது. அதே புல்வெளியில், தழைச்சத்தை சோடியம் நைட்ரேட்டாகப் பெற்ற பாத்திகளுக்கு இந்தக் கதி நேரவில்லை. தழைச்சத்து எந்த வடிவில் வந்தாலும் ஒன்றுதானா?

இந்த அமிலம் போய் அடிக்கும் இடம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. காற்றில்லாத ஈர மண்ணில் வேறு சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைப் படிப்படியாக மாற்றி, கடைசியில் தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. அதற்கு முந்தைய படி நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. கடைசிப் படியை முடித்துவைக்கும் நொதி அமில மண்ணில் சரியாக உருவாவதில்லை. வேலை பாதியில் நிற்க, அந்த வாயு அப்படியே மேலே போகிறது. உரத்தால் வந்த நைட்ரேட்டும் உரத்தால் வந்த அமிலமும் சேர்ந்து செய்யும் வேலை இது.

பயறு வகைகளின் வேர்முடிச்சுகளைப் பற்றியும் ஒரு சொல். காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றைப் பிடித்துக்கொடுக்க, அந்த முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா குறைந்தது 16 ஏடிபி (உயிரணுக்கள் ஆற்றலுக்குச் செலவிடும் மூலக்கூறு) செலவிடுகிறது. அந்தச் செலவுக்குச் சர்க்கரை கொடுப்பது செடி. மண்ணிலேயே நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு விடுவதையே குறைத்துக்கொள்கிறது. இது எல்லோரும் அறிந்ததுதான். அமெரிக்காவின் மிச்சிகனில் 22 ஆண்டுகள் தொடர்ந்து தழைச்சத்து இட்ட நிலத்தின் ரைசோபியத்தை எடுத்து, பயறுக் குடும்பத்துத் தீவனப் பயிரான குளோவர் செடிகளோடு வளர்த்துப் பார்த்தார்கள். உரமிடாத நிலத்து ரைசோபியம் அளவுக்கு அவை செடிக்கு உதவவில்லை. உரம் அவற்றைக் கொல்லவில்லை. கூட்டுறவில் மட்டமானவையாக மாற்றியிருக்கிறது. 2015இல் இந்த முடிவைப் படித்த நாளில் எனக்கு மனம் கனத்துப்போனது.

உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலகில் கோடிக்கணக்கானவர்கள் அந்தத் தழைச்சத்தில் விளைந்ததைத்தான் உண்கிறார்கள். நான் எதிர்ப்பது ஒரே தடவையில் கொட்டுவதையும், விளைச்சலை மட்டும் பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டே போவதையும். பயிர் கேட்கும் பருவத்தில் பிரித்துப் பிரித்து இடுங்கள். யூரியாவோடு தொழுவுரமோ பசுந்தாளோ சேரட்டும். மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் தழை, மணி, சாம்பல் சத்துகள் என்று கீழே இறங்குவதற்கு முன் பிஎச் வரியைப் படியுங்கள். போன முறை வந்த அறிக்கையையும் எடுத்து அதன் பக்கத்தில் வையுங்கள். எண் இறங்கியிருந்தால், உரத்தின் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சுண்ணாம்பைப் பற்றிப் பேச வேண்டும்.