நுரை பொங்கினால் அழுக்கு போய்விடுமா?

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து வைத்துக்கொண்டால் வீடு முழுவதற்கும் அதுவே போதும் என்றொரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்ததும் ஒன்றின் வலுவை மற்றொன்று அழித்துவிடும். நுரையாகப் பொங்குவது கரியமில வாயு. மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

தனித்தனியாக இரண்டும் அருமையானவை. எண்ணெய்ப் பிசுக்குக்கு ஈரச் சோடாவைத் தேய்க்கலாம். குழாயில் படியும் உப்புக்கறையை வினிகர் கரைக்கும். ஆனால் சமையல் மேடை கடப்பாக்கல்லாகவோ பளிங்காகவோ இருந்தால் வினிகரும் எலுமிச்சையும் வேண்டாம். இந்தக் கற்கள் இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ளவை, அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும். பித்தளைக்கு நம் வீடுகளில் புளி தேய்ப்பது சரியான வழி. அதன் அமிலம் களிம்பைக் கரைக்கிறது.

மிக முக்கியமாக, கூடுதல் பலன் வேண்டி இவற்றோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள். அமிலம் பட்டால் அதிலிருந்து குளோரின் வாயு வெளியேறும். கதவடைத்த குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து.