நிரந்தரமற்ற உறுப்பினரை ஐந்து வல்லரசுகளும் நியமிப்பதில்லை

தம்பி, "ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தற்காலிக இடங்களை ஐந்து வல்லரசுகளும் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரித்தானியா, பிரான்ஸ்) தங்களுக்குப் பிடித்த நாடுகளுக்குத்தான் கொடுக்கும், வேண்டாததை வீட்டோ என்கிற தடுப்பு அதிகாரத்தால் வெட்டிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. கிளிநொச்சியில் பலர் இதையே நம்புவதால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பத்து இடங்களுக்கும் நாடுகளைத் தெரிவது ஐ.நா. பொதுச்சபை. 193 நாடுகளுக்கும் ஆளுக்கொரு வாக்கு, இரகசிய வாக்கெடுப்பு. அங்கே வீட்டோ கிடையாது. போட்டியே இல்லாவிட்டாலும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாக வேண்டும். கிடைக்கும்வரை சுற்றுச் சுற்றாக வாக்கெடுப்பு நடக்கும். 1979இல் கியூபாவும் கொலம்பியாவும் 154 சுற்று இழுபட்டு, கடைசியில் இரண்டும் விலகி மெக்சிகோ வந்தது. வல்லரசு கைகாட்டினால் முடிகிற காரியமென்றால் இவ்வளவு இழுபறி ஏன்?

பதவி இரண்டு வருடம், உடனே மறுபடி போட்டியிட முடியாது. இலங்கையும் 1960-61இல் பாதுகாப்புச் சபையில் இருந்தது.

அந்தச் சபைக்குள் தீர்மானம் வரும்போது வீட்டோ இருக்கிறது, அது உண்மை. நீங்கள் இரண்டையும் கலந்துவிட்டீர்கள்.

தற்காலிக உறுப்பினர்களைப் பற்றி "அந்த நாடுகளால் பயனில்லை" என்று நீங்கள் சொல்வதையும் ஏற்க மாட்டேன். 2009இல் வன்னி மக்கள் குண்டுக்குள் கிடந்தபோது, அதைச் சபையில் பேசியாக வேண்டுமென்று வலியுறுத்தியவை மெக்சிகோ, ஒஸ்ரியா, கொஸ்தாரிக்கா. மூன்றும் தற்காலிக உறுப்பினர்கள். எங்கள் அவலம் நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லைதான். ஆனாலும் கதவைத் தட்டியவர்களை நாங்கள் மறக்கக் கூடாது.