கிடாவைப் பார்த்துச் சிரிச்சவங்களுக்கு

பெரிய வெள்ளி ஆராதனையில ஏன் பாதியில எழுந்து போனேன்னு மூணு நாளா உள்பெட்டியில கேக்கீங்க. இங்கேயே சொல்லிருதேன்.

செய்தி கொடுக்க வந்தவர் இயேசுவை 'தேவ ஆட்டுக்குட்டி'ன்னு சொல்லி நல்லாத்தான் ஆரம்பிச்சார். அதோட விட்டிருக்கலாம். "இன்னமும் சுடலைமாடனுக்குக் கிடா வெட்டி ரத்தம் குடிக்கிற கூட்டம் இருக்கே"ன்னு ஒரு இழுப்பு இழுத்தார். சபையே சிரிச்சுது. மூணாவது பெஞ்சில எங்க பெரியம்மா மகன், நான் கூப்பிட்டு வந்த அண்ணன். அவர் சிரிக்கல.

ஐயாமாரே, ஆட்டுக்குட்டியானவரைப் பாடுற வாயால ஆட்டுப்பலியைக் கேலி பண்ணலாமா? எகிப்தை விட்டுப் புறப்பட்ட பஸ்கா ராத்திரி இஸ்ரவேலர் வீட்டு நிலைக்கால்ல பூசுனது ஆட்டு ரத்தம் இல்லாம குங்குமமா? லேவியராகமம் 16ஐத் திறங்க. ரெண்டு வெள்ளாட்டுக்கடா. ஒண்ணு பலிக்கு. இன்னொண்ணு தலையில ஆரோன் கையை வச்சு, ஜனத்தோட பாவத்தையெல்லாம் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்பணும். போக்காடு.

பஸ்கா குட்டியைப் பத்தாம் தேதி பிடிச்சு பதினாலு வரைக்கும் வச்சிருக்கணும். அந்த நாலு நாள் என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். அஞ்சாப்பு படிக்கையில, கோயில்ல ஊருக்கே போடுற அசன விருந்துக்குன்னு மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில பிடிச்ச செம்மறிக்குட்டி சனிக்கிழமை வரை எங்க தொழுவுலதான் நின்னுது. பூவரசங்குழை ஒடிச்சுப் போட்டேன். ரெண்டாம் நாளே என் பாவாடை நுனியைச் சவைக்க ஆரம்பிச்சுட்டு. கொண்டுபோகையில கத்தவே இல்ல. வெள்ளாடுன்னா தெருவையே கூட்டியிருக்கும். 'அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டி' வாயைத் திறக்கலன்னு ஏசாயா 53ல வாசிச்சா இன்னைக்கும் அந்தக் குட்டி முகம்தான். அன்னைக்குக் கறி தொடல. (குழம்பு ஊத்திக்கிட்டேன். பொய் சொல்லக்கூடாதுல்லா.)

"எபிரெயர் 10 படிச்சியா?"ன்னு வருவீங்க. படிச்சிருக்கேன். காளை, வெள்ளாட்டுக்கடா ரத்தம் பாவத்தைத் தீர்க்காது, ஒரே பலி போதும். நானும் அதைத்தான் நம்புதேன். ஆனா அது சொல்றது எருசலேம் ஆலயத்துக் கடாவை. அதைப் பார்த்துச் சிரிங்கன்னா இருக்கு?

"அப்போ ரெண்டும் ஒண்ணா?" ஒண்ணுன்னு எங்க சொன்னேன்?

"ஆடு பாவம்"னு சொல்றவங்க அசனத்துல முதல் பந்தியில உக்காராதீங்க, பிறகு பேசலாம்.

இடையன்குடியில ஊழியம் செஞ்ச மிஷனரி கால்டுவெல் ஐயர் இந்த ஊர்ச் சாமிகளைப் பேய்னு எழுதினவர்தான். அவரே 1849ல, இங்க ரத்தபலி வழக்கம் இருக்கிறது மிஷனரிமாருக்குப் பேசத் தோதா இருக்குன்னு ஒத்துக்கிட்டார். உயிருக்கு உயிர்ங்கிற கணக்கு எங்க பூட்டனுக்கு முன்னமே தெரியும். தெரிஞ்சதாலதான் சிலுவையும் விளங்குச்சு.

எங்கம்மா சீக்காக் கிடந்தப்ப பெரியம்மா சுடலைக்குக் கிடா நேர்ந்தா. "என் தங்கச்சி உயிருக்கு இந்த உயிர எடுத்துக்கோ"ன்னு. அம்மா பிழைச்சு எந்திரிச்சு, ஜெபத்தால பிழைச்சேன்னு சபையில சாட்சி சொன்னா. பெரியம்மா கடைசி பெஞ்சில உக்காந்து கேட்டா. ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குப் போய் கிடாவை வெட்டி நேர்ச்சையைத் தீர்த்துட்டா.

அவ மகன் முன்னாலதான் சிரிச்சீங்க.

வாற சித்திரையில சுடலை கோயில் கொடை. வருசாவருசம் மதினி வீடு வந்து சொல்லிட்டுப் போவாவ. இன்னும் தாக்கல் இல்ல.