பின்னால் உட்காருபவருக்கு முதுகெலும்பே கிடையாதா?

நாள் முழுக்க இரண்டு பேர் அலுப்பில்லாமல் உட்கார்ந்து போக ஒரு பைக் வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதற்குப் பதில் தேடி ரிவ்யூ வீடியோக்களைப் போட்டால் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. குதிரைத்திறன், டார்க், ரைடிங் மோட் எத்தனை, டிஸ்ப்ளே எத்தனை அங்குலம், சைலன்சர் எப்படி உறுமுகிறது என்று உருகி உருகிப் பேசுகிறார்கள். பின்சீட்டின் முறை வந்ததும், "பில்லியன் சீட்டும் ஓரளவு வசதிதான்". முடிந்தது கதை. சொல்கிற ஆள் அதில் உட்கார்ந்தே பார்த்ததில்லை. கையால் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்!

ஐயா, பஞ்சு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதா இங்கே பிரச்சினை? சீட்டுக்கும் பின்பக்க ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு உயரம் என்று ஒருவராவது டேப் வைத்து அளந்து காட்டியிருக்கிறீர்களா? சைலன்சர் ஸ்டைலாக மேலேறி வர வேண்டும், வளைவில் சாய்த்தால் எதுவும் தரையில் உரசக் கூடாது. அதற்காக ஃபுட்ரெஸ்ட்டைத் தூக்கி மேலே வைத்துவிடுகிறார்கள். பின்னால் இருப்பவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது போல முழங்காலை மடக்கிக்கொண்டே ஊர் ஊராகப் போக வேண்டும். ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

அடுத்தது சரிவு. பின்சீட் முன்பக்கமாகச் சரிந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் வழுக்கி வந்து ஓட்டுபவர் முதுகில் மோதுவார். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடிக்கும். ஓட்டுபவர் டேங்க்கோடு நசுங்குவார். பிடித்துக்கொள்ளலாம் என்றால் கிராப் ரெயில் எங்கே இருக்கிறது? இடுப்புக்குப் பின்னால், தோளைத் திருகினால்தான் எட்டும் இடத்தில். இதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று வடிவமைத்தவரையே உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

காற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதே இல்லை. முன்கண்ணாடி ஓட்டுபவரின் நெஞ்சைக் காக்கிறது, சந்தோஷம். பின்சீட் முன்சீட்டைவிட உயரம் அல்லவா? கண்ணாடி விளிம்பில் கிழிந்து சுழலும் காற்று நேராகப் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில்தான் வந்து அறையும். முன்னால் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. "என்ன, அதற்குள் தலைவலியா?" என்று கேட்பார்.

எனக்கு உச்சக்கட்டக் கோபம் வருவது எடைக் கணக்கில்தான். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால், எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்துவிடும். வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. விளம்பரத்தில் கிடையாது, ரிவ்யூவில் கிடையாது, கையேட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஓட்டுபவர் 80 கிலோ, பின்னால் இருப்பவர் 65 கிலோ, இரண்டு பேரின் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் 15 கிலோ என்றாலே 160 ஆகிவிட்டது. வண்டி தாங்குவது 180 என்றால் மிச்சம் 20. பெட்டிகளின் எடையும் அதற்குள்தான் வர வேண்டும். அப்புறம் அந்த மூன்று பெரிய பெட்டிகளை எதற்கு மாட்டி விற்கிறீர்கள், காற்றை நிரப்பவா? சீட்டுக்குப் பின்னால் மேலே மாட்டும் டாப் பாக்ஸில் கனத்தை ஏற்றினால் அது பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும், வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். அதையும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ப்ரீலோட், அதாவது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை எடைக்கேற்ப முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு? பின்னால் ஆள் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கும், வால் தாழும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், வளைவில் வண்டி திரும்ப வேண்டிய அளவு திரும்பாமல் வெளிப்பக்கமாக விலகி ஓடும். இதைச் சரிசெய்ய ஒரு திருகு குமிழ் வெளியே இருந்தால் போதும். சில விலையுயர்ந்த வண்டிகளில் டிஸ்ப்ளேயில் இரண்டு ஹெல்மெட் படத்தைத் தேர்ந்தெடுத்தால் சஸ்பென்ஷன் தானே மாறிக்கொள்ளும். மற்றவற்றில் சீட்டைக் கழற்றி, ஸ்பேனரை எடுத்து, விரல் தோலை உரித்துக்கொள்ள வேண்டும். அதனால் யாரும் தொடுவதில்லை. ஷோரூமில் தனி ஆளுக்கு வைத்த அளவிலேயே இரண்டு பேர் ஓட்டிவிட்டு, "இந்த வண்டி ஆடுதுப்பா" என்கிறார்கள். டயர் காற்றழுத்தமும் அப்படித்தான்.

இதையெல்லாம் புலம்பினால் உடனே ஒருவர் வருவார்: "கோல்ட் விங் வாங்கிடுங்க". சரி, ஹோண்டாவின் பெரிய நெடுந்தூர பைக், நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. 1833 சிசி, ஆறு சிலிண்டர், ரிவர்ஸ் கியர். அந்த எடையைக் காலால் பின்னுக்குத் தள்ள முடியாது என்பதால்தானே ரிவர்ஸ் கியர்? அந்த ஹோண்டாவே 2018-இல் வண்டியை இளைக்க வைக்கிறேன் என்று டாப் பாக்ஸைச் சிறிதாக்கியது. திட்டு வாங்கிய பிறகு, 2021-இல் அதை 50 லிட்டரிலிருந்து 61 ஆக்கி, பின்னால் இருப்பவரின் சாய்மானத்தையும் இன்னும் சாய்த்துக் கொடுத்தது. பின்சீட்டுக்கே பேர்போன வண்டியின் கதி இது!

மண்ரோட்டிலும் போகும்படி உயரமாகச் செய்த அட்வென்ச்சர் பைக் வாங்கு என்பார் இன்னொருவர். கால் மடக்க இடம் உண்டு, உண்மை. ஆனால் ஓட்டுபவர் சீட்டே 850 மில்லிமீட்டர் உயரம். பின்சீட் அதற்கும் மேலே. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் டாப் பாக்ஸ். முழங்கால் வலி உள்ளவர் அதில் எப்படி ஏறுவார், ஏணி தருவீர்களா? இதற்கெல்லாம் ஏற்ற, தாழ்வான, அகலச் சீட் கொண்ட யமஹா எஃப்ஜேஆர்1300 போன்ற வண்டிகளோ பல நாடுகளில் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. எல்லாருக்கும் மண்ரோட்டில் பாய்கிற வண்டிதான் வேண்டுமாம். ஓட்டுவது என்னவோ தார்ரோட்டில்.

இவ்வளவையும் சலித்து ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்து ஷோரூமுக்குப் போனால், டெஸ்ட் ரைடில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாதாம். இன்சூரன்ஸ் விதியாம். என் மனைவியை ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏற்றிவிட்டு, "சூப்பரா இருக்குல்ல மேடம்?" என்கிறார் விற்பனையாளர். இறங்கி வந்துவிட்டோம். இப்போது வாடகைக்குக் கிடைக்கும் மாடல்களாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு முழு நாள் அவரை உட்கார வைத்து ஓட்டுவேன். அவர் சரி என்று சொல்கிற வண்டிக்குத்தான் முன்பணம்.