அம்மாவின் வயிற்றுவலியும் ஐந்தாவது டாக்டரும்

போன வருடம் அம்மாவுக்கு நள்ளிரவில் வயிற்றுவலி, விடாத வாந்தி. பெரிய மருத்துவமனைதான். எல்லாப் பிரிவும் உண்டு. முதலில் வந்தவர் இரைப்பை குடல் நிபுணர், அடுத்து வந்தவர் பித்தப்பையைப் பார்த்தார், இன்னொருவர் சிறுநீரகத்தை. இதயத்தையும் சோதித்தார்கள். நான்கு பேரும் சொன்னது ஒன்றேதான்: "எங்க பக்கம் ஒண்ணும் இல்லை." நான்கு பேர் சொன்னதும் உண்மை!

ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது வயதான ஜெனரல் சர்ஜன் (ஒரே உறுப்போடு நிற்காமல் பொதுவாக அறுவை செய்பவர்) ஒருவர் வந்தார். போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர், அப்படியே கையைத் தொடை மடிப்புக்குக் கொண்டுபோனார். அங்கே கோலிகுண்டு அளவில் ஒரு வீக்கம். குடலிறக்கம், அதில் குடல் சிக்கிக்கொண்டிருக்கிறது என்றார். அரை மணி நேரத்தில் அறுவை அரங்கில் இருந்தார் அம்மா. கறுத்துப்போன ஒரு சிறு துண்டுக் குடலை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

இதைச் சொன்னதும் நான் நிபுணர்களுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கணையத்தில் கட்டி வந்தால் கணையத்தையே தொழிலாக வைத்திருப்பவரைத்தான் தேடிப் போவேன். அமெரிக்காவில் 2002-இல் வந்த ஓர் ஆய்வின்படி, கணைய அறுவை மிக அரிதாக நடக்கும் மருத்துவமனைகளில் 16 சதவீதத்துக்கும் மேல் இறந்தார்கள். அதிகம் செய்யும் இடங்களில் 4 சதவீதத்துக்கும் கீழே. இதற்குப் பிறகு வாதாட என்ன இருக்கிறது?

ஆனால் அதிகம் செய்யும் இடமே நல்லது என்ற இந்த வாதத்தின் ஆணிவேரான 1979 ஆய்வை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 200-க்கு மேல் திறந்த இதய அறுவையோ ரத்தக்குழாய் அறுவையோ செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு குறைவு என்றது அது. எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். பித்தப்பை அறுவையில் எண்ணிக்கைக்கும் இறப்புக்கும் தொடர்பே தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்த வரி யாருக்கும் நினைவில் இல்லை.

பித்தப்பை என்றதும் ஒன்று. இன்று பித்தப்பையை எடுப்பது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில்தான், அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு. நோயாளிக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அழற்சியில் எல்லாம் ஒட்டிக்கிடந்து, பித்தநாளம் எது, ரத்தக்குழாய் எது என்று புரியாத நாளில் வயிற்றைத் திறக்க வேண்டிவரும். அதாவது, திறந்து செய்ய வேண்டியவை எல்லாம் கடினமானவை. சுலபமானவற்றைத் திறந்து செய்து பழகும் வாய்ப்பு இளம் சர்ஜனுக்கு இப்போது அநேகமாகக் கிடையாது. முந்தைய தலைமுறை சுலபமானவற்றில் கை பழகிய பிறகே கடினமானதைத் தொட்டது.

எல்லாம் தெரிந்த கை இப்படித்தான் தேய்கிறது. தைராய்டு ஒருவருக்கு, மார்பகம் இன்னொருவருக்கு, பெருங்குடல் வேறொருவருக்கு என்று பிரித்துக்கொடுத்த பிறகு ஜெனரல் சர்ஜனிடம் மிஞ்சுவது இரவு நேர அவசர கேஸ்கள். பகலில் பழக வழியில்லாததை இரவு இரண்டு மணிக்குச் சரியாகச் செய் என்கிறோம். சம்பளத்திலும் மரியாதையிலும் அவருக்குக் கடைசி வரிசை (அப்புறம், அந்தப் படிப்புக்கு ஏன் ஆள் வரவில்லை என்று கேட்கிறோம்).

2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றது. ஒரு மருத்துவமனையின் திறனை அளக்க அது எடுத்துக்கொண்டவை மூன்று: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை. பெரிய நகர மருத்துவமனையில் இந்த மூன்றுக்கும் மூன்று துறைகள். ஒரே ஒரு சர்ஜன் இருக்கும் சின்ன மருத்துவமனையில் மூன்றையும் அவர்தான் செய்தாக வேண்டும்.

என்னைக் கேட்டால், அவசர வயிற்று அறுவையையே ஒரு தனித் துறையாக நடத்த வேண்டும். கணையத்துக்குக் கொடுக்கும் பயிற்சிக் காலமும் சம்பளமும் அதற்கும் கொடுங்கள். திட்டமிட்ட அறுவைகளில் ஒரு பங்கையும் அவர்களுக்கே விடுங்கள், கை பழக வேண்டாமா?

அம்மாவைப் பார்த்த அந்த டாக்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு யார் என்று விசாரித்தேன். இரண்டு சூப்பர் ஸ்பெஷலிஸ்ட்கள் வருகிறார்களாம்.